யார் இந்த சு.வித்தியானந்தன்? விடிய விடிய ஆடிய கூத்தை பல்கலைக்கழக மேடையேற்றிய பேராசிரியர்

ஜோலார்பேட்டை, ஆம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு தெருக்கூத்து புதுசு இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் கர்ணன் கதை விடிய விடிய நடக்கும். அதே கர்ணனை 1962-ல் இலங்கையில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஆடவைத்தார் ஒரு தமிழ்ப் பேராசிரியர். அவர்தான் சு.வித்தியானந்தன்.

யார் இவர்?

1924-ல் யாழ்ப்பாணம் அருகே தெல்லிப்பழையில் பிறந்தவர். லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வந்து, கண்டி அருகே உள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். சங்க இலக்கியம்தான் அவருடைய ஆய்வுத் துறை. 'தமிழர் சால்பு' அவர் எழுதிய முக்கியமான நூல்.

கூத்துப் பக்கம் ஏன் வந்தார்?

மட்டக்களப்பு கிராமங்களில் விவசாயிகளும் மீனவர்களும் ஆடிவந்த கலை நாட்டுக்கூத்து. வடமோடி, தென்மோடி என்று அதில் இரண்டு வகை. மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, வட்டக்களரியைச் சுற்றி ஊரே உட்கார்ந்து பார்க்கும். ஆனால், படித்தவர்கள் பலர் இதை ஒரு கலையாகவே மதிக்கவில்லை.

1956-ல் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றி பெரிய வெற்றி பெற்றார். அதற்கு அடிப்படையான 'நாடகம்' என்ற கலை வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து போனதுதான். அப்படியென்றால் நம்ம கூத்தை நாமே ஏன் மேடையேற்றக் கூடாது? அந்தக் கேள்விக்கு வித்தியானந்தன் சொன்ன பதில்தான் 'கர்ணன் போர்'. அடுத்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' வந்தன.

என்ன மாற்றினார்?

ஒரு ராத்திரி முழுக்க நடக்கும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கினார். நாலு பக்கமும் ஆட்கள் பார்த்த ஆட்டத்தை ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்கு மாற்றினார். அதேநேரம் ஆட்டத்தையும் தாளத்தையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க கிராமத்து அண்ணாவியார்களையே அழைத்துவந்தார். கூத்தின் ஆசிரியர்களைத்தான் அங்கே அண்ணாவியார் என்பார்கள். பழைய கூத்துப் பிரதிகளையும் பதிப்பித்தார்.

இதே போன்ற வேலையை பிலிப்பைன்ஸில் பிரான்சிஸ்கா ரேயெஸ் அகினோ 1920-களிலேயே தொடங்கியிருந்தார். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புற நடனங்களைப் பதிவு செய்து, பள்ளிகளுக்குக் கொண்டுபோனவர் அவர். 1973-ல் அந்த நாட்டின் தேசியக் கலைஞர் பட்டம் பெற்றார்.

இழப்பு இல்லையா?

இருக்கிறது. சுருக்கும்போது நிதானமான ஆட்டங்கள் போகும். ஊர் கூடி விழித்திருக்கும் அந்த இரவும் போகும். மேடைக்கு வந்தது கூத்தா, கூத்து மாதிரி ஒரு நாடகமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் படித்த இளைஞர்கள் கூச்சமில்லாமல் சதங்கை கட்டியதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். 'இராவணேசன்' நாடகத்தில் ஆடிய மாணவர் சி.மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி அதே நாடகத்தை அடுத்த தலைமுறையை வைத்து மேடையேற்றினார்.

கடைசிக் காலம்

1974-ல் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் இவரே. அந்த மாநாடு உயிரிழப்புகளோடு முடிந்தது. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகி, போர் நெருக்கிய 1980-களில் அதை நடத்தினார். 1989 ஜனவரியில் மறைந்தார்.

நம்ம ஊர் கூத்து இப்போது ரீல்ஸில் 30 விநாடிக்குச் சுருங்கி வருகிறது. சுருக்குவது தப்பில்லை. ஆனால், எதை வெட்டலாம் என்று முடிவெடுக்கும்போது ஆடுகிறவரும் கூட இருக்கிறாரா? வித்தியானந்தனிடம் கற்க வேண்டியது அதுதான்.