இயந்திரம் மாறினாலும் எழுதியது அழியாது: கிரேஸ் ஹொப்பரின் வாழ்க்கை

1960 டிசெம்பரில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஆர்.சி.ஏ. 501, யூனிவக் 2 என்பன வேறு வேறு நிறுவனங்கள் தயாரித்த கணினிகள். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடாது. கணினியை மாற்றினால் பல வருட வேலையை முதலில் இருந்து எழுத வேண்டும். ஆனால் அன்று கொபோல் மொழியில் எழுதிய ஒரே நிரல், சிறிய மாற்றங்களுடன் இரண்டிலும் ஓடியது. அந்த நாளுக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் கிரேஸ் ஹொப்பர்.

அவர் 1906 டிசெம்பர் 9 இல் நியூயோர்க்கில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டு அலாரம் மணிக்கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்த பிள்ளை. 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

இரண்டாம் உலகப் போர் அந்த வாழ்க்கையைத் திருப்பியது. வயது கூடியவர், எடை குறைந்தவர் என்ற தடைகளைத் தாண்டி, 1943 டிசெம்பரில் கடற்படையின் சேமப் படையில் சேர்ந்தார். 1944 ஜூலையில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 1 கணினிக்கு அனுப்பப்பட்டார். சுமார் 15 மீற்றர் நீளமும் ஐந்து தொன் அளவு எடையும் கொண்ட அந்த இயந்திரம், துளையிட்ட கடதாசி நாடாவைப் படித்து, செக்கனுக்கு மூன்று கூட்டல்களைச் செய்தது.

அங்கே போட்ட கணக்குகள் போருக்கானவை. பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்ற அட்டவணைகளும் அவற்றுள் இருந்தன. அதே ஆண்டில் ஜோன் வொன் நியூமன் என்ற கணித மேதை ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். அது எதற்கு என்று இயந்திரத்தை இயக்கியவர்களுக்குச் சொல்லப்படவில்லை. உள்நோக்கி வெடிக்கும் அணுகுண்டுக்கான கணக்கு அது. அந்த வகைக் குண்டுதான் 1945 ஆகஸ்ட் 9 இல் நாகசாகி மீது விழுந்தது. கணக்கைப் போடுகிறவருக்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். அந்த இலக்கங்கள் யாருடைய வீட்டின் மேல் விழும் என்பது தெரியாது. குண்டு விழுந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் ஹொப்பரின் கதையில் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

மார்க் 1 இல் வேலை செய்தவர்கள், அடிக்கடி தேவைப்படும் நிரல் துண்டுகளைக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் வாங்கிக் கையால் பிரதி எடுக்கும்போது பிழை புகுந்தது. போருக்குப் பின் 1949 இல் எக்கேர்ட்–மோக்லி நிறுவனத்தில் சேர்ந்த ஹொப்பர், பிரதி எடுக்கும் வேலையை இயந்திரத்திடமே கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அதன் விளைவாக 1952 இல் வந்ததுதான் ஏ-0. நாடாவில் சேமித்த துண்டுகளை இலக்கம் பார்த்து எடுத்துக் கோர்த்துக் கொடுத்தது அது. இன்றைய கணக்கில் அது முழுமையான கொம்பைலர் அல்ல. ஆனால் கொம்பைலர் என்ற எண்ணம் அங்கிருந்தே வேர்விட்டது. கணினி கணக்குப் போடும், நிரல் எழுதாது என்று பலர் நம்ப மறுத்தார்கள்.

அடுத்து, சாதாரண ஆங்கிலச் சொற்களால் கணினிக்குக் கட்டளையிடும் முறையை உருவாக்கினார். அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜேர்மன் சொற்களாலும் இயக்கிக் காட்டியபோது மேலதிகாரிகள் திடுக்கிட்டார்கள். அமெரிக்கக் கணினிக்கு வேற்று மொழி விளங்குமா என்பது அவர்களின் சந்தேகம். இயந்திரத்துக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். தடை இருந்தது மனிதர்களிடம். இந்த முறையே புளோமெட்டிக் ஆனது. 1959 இல் ஒரு குழு வடிவமைத்த கொபோல், பெரும்பாலும் அதன் மேல்தான் எழுந்தது.

1966 இல் ஓய்வு பெற்றவரை அடுத்த ஆண்டே கடற்படை திருப்பி அழைத்தது. கொபோல் என்ற பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒன்றை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. எல்லாக் கொம்பைலர்களையும் ஒரே தராசில் நிறுக்கும் பரிசோதனை நிரல்களை அவருடைய குழு உருவாக்கியது.

அதன் பயன் பிறகு தெரிந்தது. 1980களில் மேசைக் கணினிகள் பரவியபோது, மெயின்பிரேமில் ஓடவேண்டிய வங்கி நிரல்களை மேசையிலேயே எழுதி, கொம்பைல் செய்து, பரிசோதித்துவிட்டு அனுப்ப முடிந்தது. விலை உயர்ந்த பெரிய இயந்திரத்தின் முன் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் கண்ணிகள் உண்டு. ஆங்கில எழுத்து ஏ, மேசைக் கணினியில் 65. ஐ.பி.எம். மெயின்பிரேமில் 193. அகர வரிசைப்படுத்தினால் ஒன்றில் இலக்கங்கள் முதலில் வரும், மற்றதில் எழுத்துகள் முதலில் வரும். பாமினியில் தட்டச்சு செய்த கடிதம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்ததைக் கண்டவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே விளங்கும். எழுதியது அங்கேதான் இருக்கும். படிக்கும் விதிதான் மாறியிருக்கும். விதியைத் தெளிவாக எழுதி வைத்தால் மீட்கலாம்.

1986 ஆகஸ்டில், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதலாம் திகதி காலமானார். 2017 இல் யேல் பல்கலைக்கழகம், அடிமைமுறையை ஆதரித்த ஜோன் கல்ஹூனின் பெயரை ஒரு கல்லூரியில் இருந்து நீக்கி ஹொப்பரின் பெயரை வைத்தது.

போர்க்காலத்தில் அவர் நின்று வேலை செய்த மார்க் 1 இன் பாகங்கள் இன்று ஹாவார்டில் காட்சிப் பொருட்கள். அதற்கு எழுதிய நாடாக்கள் வேறெந்த இயந்திரத்துக்கும் உதவவில்லை. பல தசாப்தங்களுக்கு முன் கொபோலில் எழுதிய கணக்குகளோ, எழுதியவர்கள் மறைந்த பின்னும், இயந்திரம் பல தடவை மாறிய பின்னும், வங்கிகளில் இன்றும் ஓடுகின்றன.