டாக்டர் டார்லிங் கண்ட புதிய நோய்

1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பனாமாவில் உள்ள ஆன்கோன் ஆஸ்பத்திரி. பிரேதப் பரிசோதனை மேஜையின் மேல் ஓர் இளைஞனின் உடல் கிடந்தது. வயது 27. மார்ட்டினிக் தீவிலிருந்து கால்வாய் வேலைக்கு வந்த தச்சன்.

மார்பைத் திறந்தார் டாக்டர். நுரையீரல் முழுவதும் தினையைத் தூவினாற்போல் சின்னஞ்சிறு முடிச்சுகள்! ஈரலும் மண்ணீரலும் பாதிக்கப்பட்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் க்ஷயரோகம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அந்தக் கோலம் அப்படித்தான் இருந்தது.

அந்த டாக்டர் போகவில்லை. முடிச்சிலிருந்து சிறிது எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். க்ஷயக் கிருமி ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, உயிரணுக்களின் உள்ளே முட்டை வடிவில் நுண்ணிய உருண்டைகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. அதுவரை எந்த நூலிலும் எழுதப்படாத நோய் அது.

அவர் பெயர் சாமுவேல் டெய்லர் டார்லிங்.

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் 1872-இல் பிறந்தவர். பால்டிமோர் நகரில் வைத்தியம் படித்து 1903-இல் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் பனாமா போய்ச் சேர்ந்தார்.

பனாமா அப்போது பெயரைக் கேட்டாலே நடுங்கும் இடம். முன்பு பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கால்வாய் வெட்டப் போய், மலேரியாவுக்கும் மஞ்சள் காய்ச்சலுக்கும் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலி கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அமெரிக்கர்கள் வேலையை எடுத்துக்கொண்டபோது, மண்வெட்டியோடு வைத்தியர்களையும் அனுப்பினார்கள். கொசுவை ஒழித்து மஞ்சள் காய்ச்சலை விரட்டிய கோர்காஸ்தான் அவர்களுக்குத் தலைவர். அவருக்கு வலக்கை போல் விளங்கியது டார்லிங்கின் பரிசோதனைச்சாலை. பாட்டாளிகள் எதனால் சாகிறார்கள் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டியது டார்லிங்கின் பொறுப்பு.

இந்த இடத்தில் கதை நம் சென்னைக்கு வருகிறது!

காலா அசார் என்ற கொடிய காய்ச்சலின் கிருமியை 1903-இல்தான் உலகம் அறிந்தது. இங்கிலாந்தில் லீஷ்மனும், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சார்லஸ் டோனவனும் தனித்தனியே அதைக் கண்டார்கள். வெப்ப நாட்டு வைத்தியர்கள் எல்லோருக்கும் அப்போது அதே நினைப்பு. பனாமாவிலும் அது இருக்குமோ என்று டார்லிங்கும் தேடிக்கொண்டிருந்தார். தச்சனின் உடலில் கண்ட உருண்டைகள் அதன் ஜாடையிலேயே இருந்தன. ஆனால் ஒரு வித்தியாசம். காலா அசார் கிருமிக்குள் ஒரு பெரிய புள்ளியும், அருகே சிறு கோல் போன்ற இன்னொரு புள்ளியும் தெரியும். இதில் அந்தக் கோலைக் காணோம். ஆகவே இது வேறு என்று துணிந்தார்.

அடுத்த ஆண்டு அதே போல் இன்னும் இருவரின் உடல்கள் வந்தன. ஒருவர் மார்ட்டினிக் தீவினர், மற்றவர் சீனர். மூவரையும் பற்றி 1906-இல் கட்டுரை எழுதி, கிருமிக்கு ‘ஹிஸ்டோபிளாஸ்மா காப்சுலேட்டம்’ என்று பெயர் சூட்டினார். திசு உயிரணுவுக்குள் வசிக்கும், மலேரியாக் கிருமிக்கு உறவான, உறை போர்த்திய பிராணி என்பது அவருடைய எண்ணம்.

பிராணி என்றதுதான் பிசகு. உறை என்றதும் பிசகு. சாயம் ஏற்றும்போது ஓரம் சுருங்கிவிடுவதால் உறை போலத் தோன்றியது, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் ஹென்ரிக் ட ரோச்சா லிமா என்ற பிரேசில் நாட்டு அறிஞர், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் இருந்தபடி அந்தத் தகடுகளை ஆராய்ந்து, இது பிராணியல்ல, காளான் இனம் என்று எழுதினார். அதை அன்று கவனித்தவர்கள் மிகச் சிலரே.

டார்லிங்கும் பிறகு வேறு வேலைகளில் மூழ்கிவிட்டார். கால்வாய்ப் பகுதியில் மலேரியாவைப் பரப்புவது எந்தக் கொசு என்று ஆராய்ந்தார். தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளிகள் நிமோனியாவில் மடிந்தபோது, கோர்காஸுடன் அங்கே சென்றார். ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் சார்பில் பிஜி, ஜாவா, மலேயா நாடுகளில் கொக்கிப் புழு நோயை ஆராய்ந்தார். பிரேசிலில் ஸா பாவுலோ நகரில் ஆசிரியராக இருந்தார். ஊர் ஊராக அலைந்த வாழ்க்கை!

1925 மே மாதம், சர்வதேச சங்கத்தின் மலேரியாக் குழுவோடு பிரயாணம் செய்தபோது, பெய்ரூட் அருகே மோட்டார் விபத்தில் மாண்டார். வயது 53. அவர் கண்ட மூவருக்குப் பிறகு நான்காவது நோயாளியைப் பற்றிய செய்தி மறு ஆண்டுதான் அமெரிக்காவில் வெளியாயிற்று.

1934-இல் டென்னஸி மாகாணத்தில் டாக்டர் டிமான்பிரன் அக்கிருமியைப் பாத்திரத்தில் வளர்த்துக் காட்டினார். சந்தேகமே இல்லை, காளான்தான்!

அடுத்த பத்து ஆண்டுகள் வரையிலும் இது அபூர்வ நோய், வந்தால் மரணம் என்றே நினைத்தார்கள். 1945-இல் அந்த நினைப்பு தலைகீழாகியது. நர்ஸ் படிப்பு படிக்கும் பெண்கள் சிலரின் எக்ஸ்ரே படங்களில், ஆறிப்போன சுண்ணாம்புத் தழும்புகள் நுரையீரலில் தெரிந்தன. க்ஷயப் பரிசோதனையிலோ ஒன்றுமில்லை. காளான் பரிசோதனை செய்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் தடித்தது. நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடும் ஆயிரக்கணக்கானோர், தாங்கள் அறியாமலேயே இந்நோய் வந்து ஆறியவர்கள் என்று தெரிந்தது. ஜலதோஷம் என்று எண்ணி மறந்திருப்பார்கள், பாவம்!

நோய் எங்கிருந்து வருகிறது? பறவை எச்சமும் வௌவால் எச்சமும் கலந்த மண்ணில் இக்காளான் வளர்கிறது. பழைய கோழிக் கொட்டகையைப் பெருக்கும்போதும், வௌவால் குகைக்குள் நுழையும்போதும் எழும் தூசியோடு மூச்சில் ஏறுகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. நம் நாட்டிலும் கங்கைச் சமவெளி மண்ணில் இது கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

திடகாத்திரமான உடம்புள்ளவருக்கு வந்தால், பெரும்பாலும் மருந்தே வேண்டாம், தானே ஆறிவிடும். க்ஷயம் என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும், புற்றுநோய் என்று பயந்து நுரையீரலை அறுப்பதும்தான் ஆபத்து. நான்கு வாரங்களுக்கு மேலும் காய்ச்சலும் இருமலும் விடாவிட்டால், இட்ராகோனஸோல் என்ற மாத்திரையை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கொடுக்கிறார்கள். தூசியை ஏராளமாகச் சுவாசித்து மூச்சுத் திணறும் நிலைக்கு வந்தவருக்கு ஆம்போடெரிசின் என்ற மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். வெனிசுலா நாட்டில் ஒரினோகோ நதிக்கரை மண்ணிலிருந்த நுண்ணுயிரிடமிருந்து 1950-களில் கிடைத்த மருந்து அது. ஏற்றும்போது குளிர் நடுக்கம் எடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். கொழுப்பில் பொதிந்து கொடுக்கும் புதிய முறையில் அந்தத் தொல்லைகள் குறைவு.

அந்தப் புதிய முறை மருந்தைத்தான் பீகாரில் காலா அசார் நோயாளிகளுக்கும் ஒரே வேளையாக ஏற்றுகிறார்கள். எந்த இரண்டையும் பிரித்தறிய டார்லிங் பாடுபட்டாரோ, அந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றாகிவிட்டது. காளான் என்று தெரிந்து எத்தனையோ ஆண்டுகளாகியும், அவர் வைத்த பிசகான பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.