காலணி அணியாத அணியின் தலைவர்: கால்பந்தை விட்டு மருத்துவத்துக்குத் திரும்பிய தாலிமெரன் ஆவ்

சுதந்திர இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக் போட்டியில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவரும், கால்பந்து அணிக்குத் தலைமை வகித்தவரும் ஒருவரே. அவர் மருத்துவக் கல்லூரி மாணவர். நாகா குன்றுகளில் பிறந்தவர். பெயர் தாலிமெரன் ஆவ்.

இன்றைய நாகாலாந்தின் மோகோக்சுங் மாவட்டத்தில் உள்ள சாங்கி கிராமத்தில் 1918 ஜனவரி 28-ல் பிறந்தார். தந்தை கிறிஸ்தவ போதகர். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பம். தாலிமெரன் மருத்துவராகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். 1935-ல் தந்தை காலமானபோது மகனுக்கு வயது 17. அந்த விருப்பமும் கால்பந்து ஆர்வமும் அதன் பிறகு அவரது வாழ்வில் இணைந்தே பயணித்தன.

ஜோர்ஹாட்டில் பள்ளிப் படிப்பு, குவாஹாட்டி காட்டன் கல்லூரி, அங்கு மகாராணா கிளப். தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடியவர், பின்னர் தற்காப்பு நடுகளத்துக்கு மாறினார். கோல் அடிப்பவருக்குக் கிடைக்கும் புகழ் அந்த இடத்தில் கிடைப்பதில்லை. எதிரணியின் தாக்குதலை முறித்து, பந்தைத் தன் அணியினரிடம் சேர்ப்பதே அங்கு வேலை.

1942-ல் மருத்துவம் பயில கொல்கத்தா சென்றார். சேர்ந்தது கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி. இன்று அது ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி. குவாஹாட்டியில் உடன் ஆடிய சரத் தாஸ், அவரை மோகன் பகானுக்கு அறிமுகம் செய்துவைத்தார். 1943-ல் அந்த கிளப்பில் இணைந்த ஆவ், பின்னர் அதன் தலைவராகவும் ஆனார். அவர் அங்கிருந்த காலத்தில்தான், 1911-க்குப் பிறகு கைநழுவியே வந்த ஐ.எஃப்.ஏ. கேடயத்தை மோகன் பகான் 1947-ல் மீட்டது.

1948 ஜூலை 31. கிழக்கு லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் பிரான்சுக்கு எதிரான ஆட்டம். இந்திய வீரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் களமிறங்கினர். முதல் பாதியில் பிரான்ஸ் முன்னிலை பெற்றது. 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தும் சைலன் மன்னா, மகாவீர் பிரசாத் இருவருமே அவற்றைத் தவறவிட்டனர். 89-வது நிமிடத்தில் பிரான்ஸ் மீண்டும் கோல் அடிக்க, ஆட்டம் 2-1 என முடிந்தது. ஒரே ஆட்டத்தில் தொடரிலிருந்து வெளியேறிய இந்த அணிதான், அதன் பின் நெதர்லாந்து சென்று அயாக்ஸ் அணியை 5-1 என வீழ்த்தியது.

லண்டனின் ஆர்சனல் அணியிலிருந்து ஆவுக்கு அழைப்பு வந்ததாகவும், படிப்பை முன்னிட்டு அவர் அதை மறுத்ததாகவும் அவரைப் பற்றி எழுதிய பலர் குறிப்பிடுகின்றனர். அழைப்பு எதுவாயினும், அவரது முடிவில் ஐயமில்லை. 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார், கொல்கத்தா மைதானத்தை விட்டு வடகிழக்குக்குத் திரும்பினார். திப்ருகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர், 1953-ல் கோஹிமா சென்றார். மோதல்களும் பதற்றமும் நிறைந்த ஆண்டுகள் அவை. நாகாலாந்து தனி மாநிலமான பின் அதன் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978-ல் ஓய்வு பெற்றார்.

1998 செப்டம்பர் 13-ல் காலமான ஆவின் உடல் திமாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டது. மோகன் பகான் தனது உயரிய விருதான மோகன் பகான் ரத்னாவை 2002-ல் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கியது. வடகிழக்கு மாநில அணிகள் மோதும் கால்பந்துத் தொடர் டாக்டர் டி. ஆவ் கோப்பை என்ற பெயரில் நடத்தப்பட்டுள்ளது.