64-இன் கனமூலம் சொன்ன படகு



ரிமோட் கார் ரேஸ் என்றதும் நம்ம கண்ணில் முதலில் படுவது கார்தான். மோட்டார் என்ன, பேட்டரி எத்தனை வோல்ட், டயர் எந்த ரப்பர் என்று கேட்டுத் துளைத்து விடுவோம். ஆனால் பந்தயத்தில் ஊறிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அதிகம் யோசித்து வாங்கியது காரை அல்ல, கையில் பிடிக்கிற டிரான்ஸ்மிட்டரை! மோட்டார் எரியும், டயர் தேயும், காரே மாறும். நல்ல டிரான்ஸ்மிட்டர் மட்டும் நாலைந்து கார்களைத் தாண்டியும் கையிலேயே இருக்கும்.

அப்படி அதில் என்னதான் பார்த்து வாங்குகிறார்கள்? பட்டன்களை எண்ணியா? தூரத்தை அளந்தா? இதற்கு விடை தெரிய வேண்டுமானால், அந்தக் கைப்பெட்டியின் மூதாதையை உருவாக்கியவரின் கதை தெரிய வேண்டும். அவர் பெயர் நிகோலா டெஸ்லா. பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டவர். 86 வயது வரை வாழ்ந்து, ஓட்டல் அறையில் தனியாக இறந்தவர்.

பாதிரியார் மகன்

1856 ஜூலை 10-ஆம் தேதி, ஸ்மில்யான் என்ற சிறு கிராமத்தில், செர்பியக் குடும்பத்தில் டெஸ்லா பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசு. இன்று குரோஷியா நாடு. அப்பா மிலுட்டின், தேவாலயப் பாதிரியார். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வீட்டு வேலைக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைத் தானே செய்து கொள்ளும் கைக்காரர். மகனும் தன்னைப் போலப் பாதிரியாராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. 1873-இல் டெஸ்லாவுக்குக் காலரா வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. பையன் பிழைப்பானா என்ற நிலை. பிழைத்து எழுந்தால் இன்ஜினியரிங் படிக்க அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். பையன் எழுந்துவிட்டான்!

1875-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். பழைய வாழ்க்கை வரலாறுகள் அதைப் பாலிடெக்னிக் என்றே குறிப்பிடும். ஆக, நம்ம ஜாதி! முதல் வருடம் படிப்பில் புலி. ஒரு நாள் பேராசிரியர் கிராம் டைனமோவை ஓட்டிக் காட்டினார். கம்யூட்டேட்டரில் பிரஷ் உரசும் இடத்தில் தீப்பொறி பறந்தது. இந்தக் கம்யூட்டேட்டரே இல்லாமல் மோட்டார் ஓட்ட முடியாதா என்று டெஸ்லா கேட்டார். முடியவே முடியாது என்று பேராசிரியர் வகுப்பு முழுவதும் விளக்கம் சொல்லி முடித்தார். கேள்வி மட்டும் மண்டைக்குள் தங்கிவிட்டது.

பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. உதவித்தொகை போயிற்று. சூதாட்டத்தில் பணம் கரைந்தது. 1878-இல் பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டார். மேதை ஆவதற்கு இது வழி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்! அந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

பூங்காவில் கிடைத்த விடை

1882-இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. சுழல்வது காந்தப்புலமாக இருந்தால், ரோட்டாருக்குக் கம்யூட்டேட்டரே வேண்டாம். நம்ம மெஷின்ஸ் லேபில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டாரின் பிறப்பு அதுதான். இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் என்பவரும் தனியாக இதே எண்ணத்துக்கு வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1884-இல் நியூயார்க் போய் எடிசன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்கள்தான், ஒத்துவரவில்லை. சொந்தமாகத் தொடங்கிய கம்பெனியும் கையை விட்டுப் போயிற்று. பேட்டன்ட் வாங்கிய மனிதர் தினம் 2 டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். 1888-இல் ஏசி மோட்டார் பேட்டன்டுகள் வந்தன. வெஸ்டிங்ஹவுஸ் அவற்றை வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஏசி விளக்குகள் எரிந்தன. 1896-இல் நயாகரா மின்சாரம் பஃபலோ நகரத்துக்கு ஓடியது.

இடையில் 1895 மார்ச் 13 அன்று அவருடைய ஆய்வுக்கூடம் தீப்பிடித்து எரிந்தது. கருவிகள், குறிப்புகள் எல்லாம் சாம்பல். அடுத்த மூன்று வருடத்தில் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்ததுதான் நம்ம கதாநாயகன், அந்தப் படகு.

ஆளில்லாப் படகு

1898. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மின்சாரக் கண்காட்சி. தண்ணீர் நிரப்பிய தொட்டியில் சுமார் 4 அடி நீளத்தில் ஓர் இரும்புப் படகு. உள்ளே பேட்டரி, ஓட்ட ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப ஒரு மோட்டார், மேலே ஏரியல், சின்ன விளக்குகள். டெஸ்லா கரையில் நின்று ஒரு பெட்டியின் கைப்பிடியைத் திருப்புகிறார். படகு திரும்புகிறது, நிற்கிறது, விளக்கு மினுக்குகிறது. கம்பி எதுவும் கிடையாது! வானொலி என்றால் என்னவென்றே ஊருக்குத் தெரியாத காலம். மந்திரம் என்றார்கள் சிலர். உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்று கூடச் சிலர் நினைத்ததாகக் கதை உண்டு. 64-இன் கனமூலம் என்ன என்று படகைக் கேட்டார்களாம். விளக்கு 4 முறை மின்னியது. கணக்குப் போட்டது படகல்ல, கரையில் இருந்தவர்!

இதற்கான அமெரிக்க பேட்டன்ட் எண் 6,13,809. 1898 நவம்பர் 8-ஆம் தேதி வழங்கப்பட்டது. தலைப்பில் படகோடு வண்டியையும் சேர்த்தே எழுதியிருந்தார். அதனால் நம்ம ரிமோட் காருக்கும் அதுதான் தாத்தா.

உள்ளே நடந்தது என்ன? ரிசீவரின் இதயம் கோஹீரர். சின்ன உருளைக்குள் உலோகத் துகள்கள். அலை பட்டதும் அவை ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். ஆனால் ஒட்டியது தானாகப் பிரியாது. ஒவ்வொரு சைகைக்குப் பிறகும் கடிகாரப் பொறி அந்த உருளையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு அடுத்த கட்டளைக்குத் தயார் செய்யும். வருவது ஒரே வகைச் சைகைதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சக்கரம் ஒரு படி நகரும். இடது, நிறுத்து, வலது, நிறுத்து என்று வரிசையாகத்தான் போக வேண்டும். ஒரு படி தவறினால் எல்லாம் தவறும். சைகை வராமல் போனால் படகு கடைசியாக இருந்த நிலையிலேயே கிடக்கும்.

அப்போது அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர். ஆளில்லாத கலம் கடற்படைக்கு உதவும் என்று டெஸ்லா நம்பினார். கடற்படை எடுத்துக்கொள்ளவில்லை.

யார் சொன்னாலும் கேட்கலாமா?

நண்பர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. படகு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. சரி, யார் கட்டளைக்கு? கோஹீரருக்கு ஆள் அடையாளம் தெரியாது. வலுவான தீப்பொறி எங்கே பறந்தாலும், மின்னல் வெட்டினாலும், அது ஒட்டிக்கொள்ளும். எதிரி ஒரு டிரான்ஸ்மிட்டரோடு வந்தால் படகு அவனுக்கும் அடிமைதான். சுற்றுகளை டியூன் செய்வது பாதி மருந்து. அதே அலைவரிசையை எதிரி கண்டுபிடித்தால்?

டெஸ்லா 1900-இல் இதற்கு விண்ணப்பித்த பேட்டன்டுகள் 1903-இல் கிடைத்தன. ஒரே அலைவரிசைக்குப் பதில் இரண்டு அல்லது அதற்கு மேல் அனுப்பு. ரிசீவரில் எல்லாம் சேர்ந்து வந்தால்தான் ரிலே இயங்கும். ஒன்று மட்டும் வந்தால் அசையாது. எண்பூட்டு மாதிரி. டிஜிட்டல் பாடத்தில் நாம் போடும் ஆண்ட் கேட்டும் இதே வேலைதான்! இது வீண் பயமில்லை என்று அதே 1903-இல் தெரிந்தது. லண்டனில் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியை மேடையில் செய்து காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். மாஸ்கலின் என்பவர் அருகிலிருந்து தன் சைகைகளை நடுவே புகுத்தி மானத்தை வாங்கிவிட்டார்.

1942-இல் இந்த எண்ணம் இன்னொரு வடிவம் எடுத்தது. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் ஒரு பேட்டன்ட் வாங்கினார்கள். டார்பிடோவுக்கு அனுப்பும் கட்டளை 88 அலைவரிசைகளுக்குள் தாவித் தாவிப் போகும். தாவும் வரிசை தெரிந்த ரிசீவர் மட்டுமே பின்தொடர முடியும். கடற்படை இதையும் அப்போது மூலையில் போட்டது.

ரேஸ் டிராக்குக்கு வருவோம்

ரிமோட் கார் பந்தயங்கள் பல வருடம் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் நடந்தன. அமெரிக்காவில் அதற்கு 6 வாய்க்கால்கள், 6 நிறங்கள். ஒரே நிறக் கிரிஸ்டல் இருவரிடம் இருந்தால் தொலைந்தது. ஒருவர் ஸ்விட்சைப் போட்டதும் மற்றவர் கார் சுவரில் முட்டும். கிரிஸ்டலை மாற்றிக்கொண்டு வா என்பதே அன்றைய பேச்சு. 2000-களில் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் அந்தத் தொல்லையை ஒழித்தன. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண். முதல் தடவை ரிசீவரோடு பைண்ட் செய்துவிட்டால் பிறகு அது தன் முதலாளி சொல்வதை மட்டும் கேட்கும். பல செட்டுகள் அலைவரிசை தாவவும் செய்யும். டெஸ்லா கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது உள்ளங்கையில்!

ஆகவே உயர்ரக டிரான்ஸ்மிட்டர் வாங்கப் போகிறவர் என்ன பார்க்க வேண்டும்?

முதலாவது, அடையாளம். கூட்டமான டிராக்கில் பத்துப் பேர் ஒன்றாக ஸ்விட்ச் போட்டாலும் கார் தடுமாறக் கூடாது. ஒரு கம்பெனியின் ரிசீவர் இன்னொரு கம்பெனி டிரான்ஸ்மிட்டரோடு பொதுவாகப் பேசாது. ஒரே கம்பெனியிலும் பழைய முறை, புதிய முறை என்று வேறுபாடு உண்டு. எனவே அந்த ரிசீவர் நமக்குத் தொடர்ந்து கிடைக்குமா, என்ன விலை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தாமதம். சாதாரண முறையில் சர்வோவுக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு போகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு செகண்டில் 16.7 மீட்டர் போகும். 20 மில்லிசெகண்டில் 33 சென்டிமீட்டர்! நாம் திருப்பிய பிறகும் கார் தன் நீளத்தில் முக்கால் பங்கு நேராகவே போகலாம். விலை உயர்ந்த செட்டுகள் இதைச் சில மில்லிசெகண்டாகக் குறைக்கின்றன. ஆனால் அதற்கு ஏற்ற டிஜிட்டல் சர்வோவும் வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த பணம் வீண்தான்.

மூன்றாவது, ஃபெயில்சேஃப். சைகை அறுந்தால் கார் என்ன செய்யும்? டெஸ்லாவின் படகு மாதிரி பழைய நிலையிலேயே ஓடினால் யார் காலிலாவது மோதும். த்ராட்டில் தானாக மூட வேண்டும், அல்லது பிரேக் பிடிக்க வேண்டும். வாங்கிய அன்றே காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.

நான்காவது, கை. துப்பாக்கிப் பிடியா, இரட்டைக் குச்சியா என்பது பழக்கம். எடை, சக்கரத்தின் இறுக்கம், டிரிகர் எட்டும் தூரம் இதெல்லாம் ஐந்து நிமிட ரேஸ் முழுவதும் விரலுக்குத் தெரியும். எண்ட் பாயிண்ட், எக்ஸ்போ, பல கார்களுக்கான மெமரி இவை அவசியம். மற்ற அலங்காரமெல்லாம் இரண்டாம் பட்சம்.

கடைசி நாட்கள்

டெஸ்லா 1901-இல் உலகத்துக்கே கம்பியில்லாமல் செய்தியும் மின்சாரமும் அனுப்ப ஒரு கோபுரம் எழுப்பத் தொடங்கினார். பணம் போட்ட மார்கன் மேற்கொண்டு தர மறுத்தார். 1917-இல் கோபுரம் இடிக்கப்பட்டது. பிறகு கடன், ஓட்டல் மாற்றி ஓட்டல், புறாக்களின் தோழமை. 1943 ஜனவரி 7 அன்று நியூயார்க்கர் ஓட்டலின் 3327-ஆம் அறையில் கண் மூடினார். அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்க்கோனியின் முக்கியமான டியூனிங் பேட்டன்டின் உரிமைகளில் பலவற்றைச் செல்லாது என்றது. லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோர் முன்பே செய்ததை அது காரணமாகக் காட்டியது. கேட்க அவர் இல்லை. 1960-இல் காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு டெஸ்லா என்று பெயர் வைத்தார்கள். நம்ம பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக இன்னும் வருகிறார்!

தோழர்களே, சத்தமாகக் கட்டளையிடுவது பெரிய காரியமில்லை. ஆயிரம் சத்தத்துக்கு நடுவே தன் எஜமானின் குரலை மட்டும் கேட்கும் காதைச் செய்வதுதான் காரியம். அந்தக் காதுக்குத்தான் விலை கொடுங்கள், விளக்குக்கும் பட்டனுக்கும் அல்ல. வாத்தியார் முடியாது என்று சொன்ன பிறகும் உங்கள் மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தால், அதை விட்டுவிடாதீர்கள். டிப்ளமோவையும் விட்டுவிடாதீர்கள்!