அணு உலைக்குக் கடிவாளம் போட்ட டாக்டர் பாபா

சிவாஜிநகரில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் டாட்டா இன்ஸ்டிடியூட் வந்துவிடும். இந்தியாவின் முதல் அணு உலையை உருவாக்கிய டாக்டர் ஹோமி பாபா, தாயகத்தில் தமது ஆராய்ச்சியைத் தொடங்கியது அங்கேதான்.

பாபா 30-10-1909 அன்று பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய அத்தையின் கணவர் சர் தோராப்ஜி டாட்டா. பாபா என்ஜினீயராகி, ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் சேர வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள். அவரும் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் என்ஜினீயரிங் படித்து முதல் வகுப்பில் தேறினார். ஆனால் மனம் பவுதிகத்தை நாடியது. 1935-ல் அதில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பெங்களூரில்

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். உலக யுத்தம் மூண்டதால் திரும்ப முடியவில்லை. டாட்டா இன்ஸ்டிடியூட்டில், சர் சி.வி.ராமனின் பவுதிகத் துறையில் சேர்ந்தார்.

விண்ணில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அளப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. அந்தக் கதிர்கள் கண்ணுக்குத் தெரியாது. கருவி எண்ணிச் சொன்னால்தான் உண்டு. அப்படிப்பட்ட கருவிகளை விமானத்தில் ஏற்றி, வானத்தில் வைத்து அளந்தார்கள்.

கருவிகள் நம்முடையவை

1948-ல் அணுசக்தி கமிஷன் தலைவரானார். 1955-ல் பம்பாயை அடுத்த டிராம்பேயில் ஆராய்ச்சி உலை ஒன்று அமைக்க முடிவாயிற்று. எரிபொருளான யுரேனியம் பிரிட்டனில் இருந்து வந்தது. ஆனால் உலையை அடக்கி ஆளும் கருவிகளை நம்மவர்களே செய்ய வேண்டும் என்பதில் பாபா உறுதியாக இருந்தார்.

அது சிறிய பொறுப்பல்ல. உலைக்குள் யுரேனிய அணு பிளக்கும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவை மேலும் பல அணுக்களைப் பிளக்கின்றன. இது வரம்பு மீறினால் ஆபத்து. நியூட்ரான்களைக் கருவிகள் இடைவிடாமல் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு மிஞ்சினால், நியூட்ரான்களை விழுங்கும் காட்மியத் தண்டுகள் நொடியில் உள்ளே இறங்கி உலையை அணைத்துவிட வேண்டும். மனிதன் சுவிட்சைத் தேடும்வரை காத்திருக்க முடியாது!

ஏ.எஸ்.ராவ் தலைமையில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவினர் இந்தக் கருவிகளைச் செய்து முடித்தனர். 4-8-1956 பிற்பகலில் உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டை நீக்கிப் பார்த்தால், ஆசியாவிலேயே முதல் அணு உலை அதுதான். தண்ணீர்த் தொட்டிக்குள் நீல ஒளி வீசிய அந்த உலைக்கு 'அப்சரா' என்று பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு.

ஆல்ப்ஸ் மலையில் முடிவு

24-1-1966 அன்று பாபா பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 117 பேரும் மாண்டார்கள். பாபாவுக்கு வயது 56. அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

மறு ஆண்டே டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்சராவுக்குக் கருவி செய்த பிரிவில் இருந்து, அதே 1967-ல் ஐதராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. நாட்டின் அணுமின் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்தளித்து, ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் கொடுத்தது.

அப்சரா 2009 வரை உழைத்தது. அதே இடத்தில் புதுப்பித்துக் கட்டிய உலை 2018-ல் இயங்கத் தொடங்கியது.