தளர்ந்த உடலும் தளராத உள்ளமும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. அந்நிலப்பகுதியிலுள்ள ஒட்டப்பிடாரத்தில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் வ. உ. சிதம்பரனார் தோன்றினார். இளமையில் சிலம்பம், மற்போர், நீச்சல், குதிரையேற்றம் முதலியன பயின்று உடலை உரம்பெறச் செய்தார். பின்னர் வழக்கறிஞராயினார். 1906இல் சுதேசிக் கப்பற் கழகத்தை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டினார்.

அதனைப் பொறாத ஆங்கில அரசு 1908இல் அவரைச் சிறையிலிட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கினை அவர் இழுத்தார். மற்போர் பயின்ற உடல் மெலிந்து நலிந்தது. 1912இல் விடுதலை பெற்று வெளிவந்தபோது கப்பற் கழகம் கலைந்திருந்தது. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. வறுமை வந்து சூழ்ந்தது.

உடல்வலி குன்றிய அப்பெரியார் சோர்ந்து அமர்ந்தாரல்லர். தமிழ்ப் பணியில் தம் வலிமையைச் செலுத்தினார். சிறையிலிருந்தபோதே ஜேம்ஸ் ஆலனின் நூலை, ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரால் தமிழாக்கினார். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் வகுத்த உரையைப் பதிப்பித்தார்.

பின்னர் வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமையை மீளப் பெற்றார். கோவில்பட்டியில் தங்கி வழக்காடினார். அக்காலத்தே, 1928இல், தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையுடன் வெளியிட்டார். 1932இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து, 1936 நவம்பர் 18ஆம் நாள் இயற்கை எய்தினார்.

மேலே வெடித்துக் கிடப்பினும் கரிசல் மண் அடியில் ஈரம் காக்கும். உடல் தளர்ந்த பின்னும் உள்ளத்தில் ஊக்கம் காத்தவர் சிதம்பரனார். ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியில் உழைப்பதே ஆண்மை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.