மலையறிஞர் ஹம்போல்ட்

மலைகள் நாடுகளைப் பிரிக்கும் எல்லைகள் என்று பள்ளிப் பருவத்தில் நாம் படித்தோம். அஃது உண்மையே. ஆயினும் அம்மலைகளிற் பிறக்கும் ஆறுகள் எவ்வெல்லையையும் மதிப்பதில்லை. ஒரு நாட்டு மலைச்சாரலில் மரங்கள் வீழ்ந்தால் மற்றொரு நாட்டு வயலில் வெள்ளம் புகும். ஒரு நாட்டுப் பனிமுகடு தேய்ந்தால் மற்றொரு நாட்டுக் கால்வாய் வறளும். ஆகவே மலைகளைக் காப்பதும், மலைவாழ்நர் நலிவுறாமல் அவற்றின் பயனைத் துய்ப்பதும் ஒரு நாட்டார் தனித்துச் செய்யத்தக்க செயல்கள் அல்ல. இவ்வுண்மையை இன்று பல அரசுகளும் ஒப்புக்கொண்டுள்ளன. ஆனால் இருநூறு ஆண்டுகட்கு முன்னரே, தம் காலால் நடந்தும் தம் கண்ணாற் கண்டும் இதற்கு அடிகோலிய பெரியார் ஒருவர் இருந்தார். அவரே ஜெர்மானிய அறிஞர் அலெக்ஸாந்தர் ஹம்போல்ட். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ஹம்போல்ட் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பெர்லின் நகரிற் பிறந்தார். தந்தையார் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி. மைந்தருக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அவர் காலஞ்சென்றார். தமையனார் வில்ஹெல்ம் பிற்காலத்தில் மொழிநூல் வல்லுநராய்ப் பெரும்புகழ் எய்தியவர். இளையவரோ செடிகளையும் பூச்சிகளையும் கற்களையும் திரட்டுவதிலேயே பொழுது கழித்தார். புதல்வர் இருவரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தல் வேண்டும் என்பது அன்னையாரின் விருப்பம். ஹம்போல்ட் அன்னையின் விருப்பத்தை மீறாமலும் தம் விருப்பத்தைத் துறவாமலும், ப்ரைபெர்க் நகரச் சுரங்கக் கல்லூரியிற் பயின்று, 1792-இல் அரசாங்கச் சுரங்க அதிகாரியாக அமர்ந்தார்.

மலையின் வயிற்றுள் இறங்கி உழைப்போரின் துன்பத்தை அவர் அங்கே நேரிற் கண்டார். மேலிடத்தின் ஆணையை எதிர்நோக்காமல், ஸ்டேபன் என்னும் சிற்றூரில் தம் கைப்பொருளைக் கொண்டு சுரங்கத் தொழிலாளர்க்கு ஒரு பள்ளி நிறுவினார். நச்சுக்காற்று நிறைந்த குழிகளிலும் அணையாது எரியும் விளக்கொன்றை அமைத்து, அதனைத் தாமே சோதிக்கப் புகுந்து மூர்ச்சித்து வீழ்ந்தார்; உடனிருந்தோர் இழுத்து மீட்டிராவிடின் அவர் வரலாறு அன்றே முடிந்திருக்கும். மலையின் செல்வத்தைக் கருதும்போது அதனை எடுக்கும் மனிதரையும் கருதுதல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் இவ்வாறு வேரூன்றிற்று.

1796-இல் அன்னையார் இறந்தார். பெருஞ்செல்வம் கைக்கு வந்தது. அதனைக் கொண்டு மாளிகை எழுப்பாமல், உத்தியோகத்தைத் துறந்து உலகைக் காணப் புறப்பட்டார். ஸ்பெயின் மன்னரிடம் அனுமதி பெற்று, பான்பிளான் என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞரைத் துணையாகக் கொண்டு, 1799 ஜூன் மாதத்தில் தென் அமெரிக்காவிற்குக் கப்பலேறினார்.

1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் வெனிசுலா நாட்டு வலென்சியா ஏரியை அடைந்தனர். ஏரி ஆண்டுதோறும் சுருங்கி வந்தது. நீர் நிலத்தடியிலுள்ள ஏதோ ஒரு வழியாக ஒழுகிப் போகின்றது என ஊரார் எண்ணினர். ஹம்போல்ட் ஏரியை மட்டும் நோக்கினாரல்லர். அதனைச் சூழ்ந்த மலைகளையும் நோக்கினார். சாரல்களிலிருந்த காடுகள் அழிக்கப்பட்டிருந்தன. அவுரியும் கரும்பும் பருத்தியும் பயிரிடுவதற்காக ஓடைகள் திருப்பப்பட்டிருந்தன. மரமிருந்தால் மழைநீர் மண்ணில் இறங்கிச் சுனைகளாய்ச் சிறுகச் சிறுக ஊறும். மரமில்லாச் சாரலில் அதே மழை வெள்ளமாய்ப் பாய்ந்து மண்ணை வாரிச் செல்லும். மழைக்குப் பின் சுனை வற்றும். இதுவே அவர் கண்ட முடிபு. நோய் ஏரியில் இருந்தது. காரணமோ மலையில் இருந்தது.

இம்முடிபு பின்னர்ச் சோதிக்கப்பட்ட வகை வியப்புக்குரியது. இருபதாண்டுகள் கழித்து, ஹம்போல்டின் பரிந்துரை பெற்றுத் தென் அமெரிக்கா சென்ற பூசிங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வேரியைக் கண்டபோது நீர்மட்டம் உயர்ந்திருந்தது. இடையே விடுதலைப் போர் மூண்டு பயிர்த்தொழில் குன்றியதால், கைவிடப்பட்ட நிலங்களிற் காடு மீண்டும் வளர்ந்திருந்தது. காடு திரும்பவே நீரும் திரும்பிற்று.

ஆந்தீஸ் மலைத்தொடரை அடைந்தபின் ஹம்போல்டின் புகழ்பெற்ற செயல் நிகழ்ந்தது. ஈக்குவடார் நாட்டிலுள்ள சிம்பொராசோ 20,500 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. அந்நாளில் உலகிலேயே உயர்ந்த மலையென மதிக்கப்பட்டது. 1802 ஜூன் 23-ஆம் நாள் ஹம்போல்ட், பான்பிளான், கீட்டோ நகர இளைஞர் கார்லோஸ் மொந்தூபார், அவ்வூர்ப் பக்கத்து உழைப்பாளி ஒருவர் ஆக நால்வர் அதன்மேல் ஏறினர். உதடும் ஈறும் குருதி கசிய, மூச்சுத் திணற, ஏறக்குறைய 19,000 அடி உயரத்தை எட்டினர். ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிட்டு வழியை மறித்தமையால் உச்சியைக் காணாமலே திரும்பினர். அவர்க்குமுன் அத்துணை உயரத்தை அளந்தறிந்து ஏறினதாக எவரும் எழுதிவைத்திலர்.

உச்சியை எட்டாத அப்பயணத்தின் பயன் வேறொன்று. மலையடியில் வெப்ப நாட்டு மரங்கள். அவற்றின் மேலே வேறு மரங்கள். அதற்கும் மேலே புதரும் புல்லும். இறுதியிற் பாசியும் பனியும். ஒரே மலை பல நாடுகளின் தட்பவெப்பங்களைத் தன்மேல் அடுக்கி வைத்திருந்தது. நிலத்திற்கேற்ப மரமும் விலங்கும் தொழிலும் வேறுபடுதலை ஐந்திணையிற் கற்ற நமக்கு இக்கருத்து அயலானதன்று. ஹம்போல்ட் அதனை வெப்பமானி, பாரமானி முதலிய கருவிகளால் அளந்து, எவ்வுயரத்தில் எச்செடி என்று ஒரே படத்தில் தீட்டி, 1807-இல் வெளியிட்ட தாவர நிலவியல் நூலிற் சேர்த்தார்.

ஈண்டு அவர்பால் இருந்த ஒரு குறையையும் மறைத்தல் தகாது. நியூ கிரானடா நாட்டினராகிய கால்தாஸ் என்பவர், ஐரோப்பியக் கல்லூரி எதனையும் காணாமலே, நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு மலையுயரத்தைக் கணிக்கும் முறையைத் தாமே கண்டவர். உயரத்திற்கேற்பச் செடிகள் மாறுதலையும் தாமே ஆராய்ந்து வந்தவர். அவர் ஹம்போல்டுடன் பயணஞ்செய்யப் பெரிதும் விழைந்தார். ஹம்போல்ட் அவரை விடுத்து, செல்வர் மகனாகிய மொந்தூபாரை உடனழைத்துச் சென்றார். கால்தாஸ் உள்ளம் உடைந்தார். 1816-இல் நாட்டு விடுதலைக்காகப் போராடிய குற்றத்திற்காக ஸ்பெயின் அதிகாரிகள் கால்தாஸையும் மொந்தூபாரையும் கொன்றனர். மலையை அறிதற்கு அம்மலைநாட்டாரையே முதற்றுணையாகக் கொள்ளல் வேண்டும் என்னும் பாடத்தை ஹம்போல்டின் பெருமையிலிருந்து மட்டுமன்றி, இக்குறையிலிருந்தும் நாம் கற்கலாம்.

1804-இல் ஐரோப்பா மீண்ட ஹம்போல்ட் பாரிஸ் நகரிற் பல்லாண்டுகள் தங்கி, பல நாட்டு அறிஞரின் துணையோடு முப்பது தொகுதிகளை வெளியிட்டார். அதில் அவர் பெருஞ்செல்வமும் கரைந்தது. அவர் உள்ளத்தில் எஞ்சி நின்ற ஆசை ஒன்றே. ஆந்தீஸைக் கண்ட கண்களால் இமயத்தையும் கண்டு, இரண்டையும் ஒப்பிடல் வேண்டும் என்பதே அது. இதன்பொருட்டு லண்டனுக்குப் பலமுறை சென்று கிழக்கிந்தியக் கம்பெனியாரை நாடினார். அடிமை வணிகத்தையும் குடியேற்ற ஆட்சியின் கொடுமையையும் வெளிப்படையாகக் கண்டித்தவரைத் தம் நாட்டெல்லைக்குள் விட அவர்கள் விரும்பாமைக்குக் காரணம் ஊகித்தற்கு எளிது. அனுமதி இறுதிவரை வரவில்லை. பிறர் அளந்தனுப்பிய கணக்குகளைக் கொண்டே இமயத்தின் பனியெல்லையைப் பற்றி அவர் எழுதினார்.

1829-இல், அறுபது வயதை எட்டும் பருவத்தில், ரஷ்ய அரசின் அழைப்பைப் பெற்று யூரல், அல்தாய் மலைகள் வழியே சீன எல்லை வரை சென்றார். ஏறக்குறைய ஆறு திங்களில் 9,000 மைலுக்கு மேற்பட்ட பயணம் அது! ஆனால் அந்நாட்டுப் பண்ணையடிமைகளின் நிலைபற்றி வாய்திறவேன் என உறுதி கூறினார். அரசர்களின் உதவியின்றி ஆராய்ச்சி நடவாது. அவ்வுதவிக்கு விலையும் உண்டு என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அப்பயணத்தின் பயனாக அவர் 1843-இல் வெளியிட்ட நூலில், காடழித்தல், நீர்நிலைகளை மாற்றுதல், தொழில் பெருகிய இடங்களில் ஆவியையும் வாயுக்களையும் வெளிவிடுதல் ஆகியவற்றால் மனிதர் தட்பவெப்பத்தை மாற்றுகின்றனர் எனக் குறித்துள்ளார்.

ஒருவர் எத்துணை நடந்தாலும் உலகனைத்தையும் ஒரே நேரத்திற் காணுதல் இயலாது. ஆகவே பல நாடுகளில், ஒரே முறையில், ஒரே வேளையில் அளக்கும் நிலையங்கள் வேண்டும் என்று ஹம்போல்ட் துணிந்தார். அவர் தூண்டுதலால் ரஷ்யப் பேரரசில் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. 1836-இல் லண்டன் ராயல் சங்கத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி ஆங்கிலேயரையும் இம்முயற்சியிற் சேர்த்தார். காந்தப்புலத்தை ஆராயும் நிலையங்கள் பல கண்டங்களில் தோன்றின. கிழக்கிந்தியக் கம்பெனியாரும் சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அவற்றை அமைத்தனர். ஹம்போல்ட் வாராத இமயச்சாரலுக்கு அவர் எண்ணம் வந்து சேர்ந்தது! சென்னை மாகாணத்திற் காடுகளைக் காத்தல் வேண்டுமென வாதாடிய எட்வர்டு பால்பர் போன்ற மருத்துவர்களும் ஹம்போல்ட், பூசிங்கோ ஆகியோர் ஆராய்ச்சிகளிலிருந்து வலிமை பெற்றனர். 1856-இல் அம்மாகாணத்திற்கு முதற்காட்டுப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டார்.

முதுமையில் ஹம்போல்ட் காஸ்மாஸ் என்னும் பெருநூலை எழுதினார். அதன் முதற்றொகுதி 1845-இல் வெளிவந்தது. ஐந்தாந்தொகுதி முற்றுப்பெறுமுன், 1859 மே 6-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் அவர் உலக வாழ்வை நீத்தார்.

அவர் விதைத்த விதை காலம் கடந்து முளைத்தது. 1992-இல் ரீயோ டி ஜனீரோ நகரிற் கூடிய உலக நாடுகள், தம் செயற்றிட்டத்தில் மலைகளுக்கென ஒரு தனி அதிகாரம் வகுத்தன. ஐக்கிய நாடுகள் சபை 2002-ஆம் ஆண்டை மலைகளின் ஆண்டாகக் கொண்டாடியது. 2003 முதல் டிசம்பர் 11 உலக மலைகள் நாளாயிற்று. 1983-இல் காட்மண்டு நகரில் தோன்றிய மலை வளர்ச்சி நிலையத்தில் இந்தியா, நேபாளம், பூட்டான், சீனா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், மியான்மர் என்னும் எட்டு நாடுகள் உறுப்பினராயின. தம்முட் பூசல் உடைய நாடுகளும் பனிமலைகளையும் ஆறுகளையும் பற்றி ஆராய அங்கே ஒருங்கு அமர்கின்றன. ஒரு கம்பெனி ஒருவர்க்கு அடைத்த கதவை, மலைக்குரிய நாடுகள் தாமே திறந்துகொண்டன.

சிம்பொராசோவின் செய்தியையும் கூறி முடிப்பாம். 2012-இல் டென்மார்க்கு, ஈக்குவடார் முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் அம்மலையிலேறி, ஹம்போல்டின் பழைய கணக்கோடு புதிய கணக்கை ஒப்பிட்டனர். பின்வந்தோர், அப்பழைய குறிப்புகளுட் பல அயலிலுள்ள அந்திசானா மலையில் எடுக்கப்பட்டவை எனக் காட்டிக் கணக்கைத் திருத்தினர். எனினும் வெப்பம் மிகுதலாற் செடிகள் பல நூறு அடி மேலேறிவிட்டன என்னும் முடிபு மாறவில்லை. செடிகள் மேலேறலாம்; உச்சிக்கு மேல் ஏற இடமேது? அன்று ஹம்போல்டும் துணைவரும் கருவிகளோடு ஏறி எழுதிவைத்த குறிப்பு இல்லையேல், இன்று இம்மாற்றத்தின் அளவை நாம் அறிந்திரோம். நாம் இன்று உண்மையாக எழுதிவைப்பதும் இனிவரும் ஒருவர்க்கு, நாம் காணாத ஒரு நாட்டவர்க்கு, அவ்வாறே பயன்படக்கூடும். ஹம்போல்டின் வாழ்க்கை மாணவராகிய நமக்கு இடும் பணி இதுவேயாம்.